பதினோரு மாதப் பிள்ளைக்கு ஒரு ஜீப்

அன்று காலை எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஏர்போர்ட்டிலிருந்து வந்த கார் வாசலில் நின்றது. என் கணவர் ரஹீம் இறங்கினார். தோஹாவில் வேலை. மகள் பிறந்து நாற்பது நாள் முடிந்த கையோடு போனவர், அப்போதுதான் திரும்பி வருகிறார்.

2. பதினோரு மாத மகள் சனா என் இடுப்பில் இருந்தாள். புதுச் சட்டை, கண்ணில் மை, நல்ல மனநிலை.

3. ரஹீம் செருப்பைக்கூடக் கழற்றாமல் இரண்டு கைகளையும் நீட்டி, "அத்தாகிட்ட வாடா தங்கம்" என்றார்.

4. சனா அவரை ஒரு பார்வை பார்த்தாள். வங்கியில், கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று சொல்வதற்கு முன்னால் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

5. அலறினாள்.

6. ரஹீம் பதறிப்போய், கொண்டுவந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து ஒரு கறுப்பு ஜீப்பை வெளியே எடுத்தார். பூனைக்குட்டி அளவு இருந்தது. ரிமோட்டை அழுத்தினார். விளக்கு எரிய, சைரன் ஊத, ஜீப் எங்களை நோக்கி வந்தது.

7. அதுவரை சனா அலறியதெல்லாம் ஒத்திகை என்று தெரிந்தது.

8. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்த என் மாமனார், மகனிடம் பயணம் எப்படி இருந்தது என்று கேட்பதற்கு முன், "மொதல்ல பேட்டரியக் கழட்டுடா, வீணாப் போயிரும்" என்றார்.

ரஹீம் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். விடுப்பு ஒரு மாதம். அதற்குள் மகள் தன்னைப் பார்த்து ஒருமுறையாவது கை நீட்ட வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அதற்காகத்தான் ஜீப்.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் தொட்டில் விவகாரத்தை எழுதியதைப் படித்துவிட்டு மாமா என்னுடன் பேசுவதைக் குறைத்திருக்கிறார். இந்த வாரம் முழுவதுமாக நிறுத்திவிடுவார் என்று எதிர்பார்க்கிறேன். எப்படியும் எழுத வேண்டியதுதான்.

வளர்ற புள்ளதானே

ஜீப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் '3+' என்று போட்டிருந்தது. எனக்குத் தெரிந்த அளவில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையிடம் இதைக் கொடுக்காதீர்கள், கழன்று வரும் சின்னச் சாமான் உள்ளே இருக்கிறது. எங்கள் வீட்டில் அதற்கு வேறு அர்த்தம். அது ஒரு சவால். நம் பிள்ளை மூன்று வயதுப் பொம்மையைப் பதினோரு மாதத்திலேயே ஆடினால், நம் பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரி!

இதற்குப் பின்னால் ஒரு பழைய கொள்கை இருக்கிறது. பள்ளிச் சீருடை வாங்கும்போது தோள்பட்டை முழங்கையில் வந்து நிற்கும். "வளர்ற புள்ளதானே" என்பார்கள். செருப்பு ஒரு எண் பெரிதாக இருக்கும். முனையில் பஞ்சு வைத்துத் தருவார்கள். அந்தக் கொள்கையை ரஹீம் பொம்மைக்கும் பொருத்தினார்.

ஊருக்கு லீவில் வரும் நண்பர்கள் கையில் தோஹாவிலிருந்து ஒவ்வொரு பெட்டியாக வந்தது. சனாவுக்குக் கழுத்து நிற்காத காலத்தில் மூன்று சக்கர சைக்கிள். குப்புற விழக் கற்றுக்கொண்டிருந்தபோது டாக்டர் செட், ஊசி உட்பட. உட்கார ஆரம்பித்தபோது, முந்நூறு துண்டுகளைச் சேர்த்துக் கட்ட வேண்டிய ஒரு கோட்டை.

"முந்நூறு துண்டு எதுக்குங்க? அவளுக்கு இன்னும் பல்லே வரலயே" என்று போனில் கேட்டேன்.

"வளர்ற புள்ளதானே பர்வீன். இப்ப வாங்கி வச்சா அப்ப ஆகும்ல."

"அப்ப வாங்கினாலும் அப்ப ஆகும்."

 "கடையில நின்னு பாக்குறப்ப அவ எவ்ளோ பெருசா இருப்பானு எனக்குத் தெரிய மாட்டேங்குது" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

நான் துவாக்குடிப் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பொறியாளர். பச்சை அட்டை, சிவப்பு அட்டை, மஞ்சள் அட்டை. ஏற்கலாம், தள்ளலாம், நிறுத்தி வைக்கலாம். சனா பிறந்தபோது அவளுக்கு என்ன பொம்மை எந்த மாதத்தில் என்று ஒரு அட்டவணை போட்டிருந்தேன். கருவிகளை நம்பிப் பிழைக்கும் பெண் வேறென்ன செய்வாள்?

முதல் சில வாரம், பார்வை தெளிவாக இருக்காது, கறுப்பு வெள்ளை உருவங்கள் காட்டலாம் என்று அட்டவணை சொன்னது. அழகாக அச்சடித்துத் தொட்டிலுக்கு மேலே கட்டினேன். சனா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாமாவின் கட்டம் போட்ட கைலியை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா நகர்ந்தால் கண்ணும் நகர்ந்தது.

"புள்ள தாத்தாவத் தேடுது" என்றார் மாமா.

கைலியைத் தேடுகிறது என்று நான் சொல்லவில்லை. நான் வேலைக்குப் போகும் நேரத்தில் சனாவைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். மாமியார் நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். மாமாவைப் பகைத்துக்கொண்டால் என் வேலை போய்விடும்.

கோபுர வாசலில் ஒரு சோதனை

சனா எதைப் பார்த்தாலும் வாயில் வைக்க ஆரம்பித்த பருவத்தில், மரக் கிலுகிலுப்பை வாங்கலாம் என்று ஸ்ரீரங்கம் போனேன். என்னோடு வேலை பார்க்கும் வைதேகி சித்திரை வீதிக்காரி. தெற்கு வாசலில் தனக்குத் தெரிந்த கடை இருக்கிறது என்று கூட்டிப்போனாள்.

கடைக்காரர் சிவப்பும் பச்சையும் பூசிய ஒன்றை எடுத்துக் குலுக்கிக் காட்டினார். நான் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து அதைத் தேய்த்தேன்.

"என்னம்மா, பொம்மையக் குளிப்பாட்டுறீங்க?"

"சாயம் போகுதானு பாக்குறேன்."

"எம்புள்ளைங்க மூணும் இதத்தான் சப்புச்சுங்க. மூணும் இப்ப காலேஜ் போகுது."

வைதேகி குறுக்கே வந்தாள். "நீங்க தப்பா எடுத்துக்காதேங்கோ. இவ இப்படித்தான். ஆபீஸ்ல ஒரு ஸ்க்ரூவக்கூட நம்பமாட்டா."

கைக்குட்டை வெற்றிலை போட்ட வாய்போல் ஆகியிருந்தது. அதைக் காட்டினேன். கடைக்காரர் அதை நிதானமாகப் பார்த்துவிட்டு, "கலர் நல்ல கலரும்மா, அதான் இப்படிப் பளிச்சுனு ஒட்டுது" என்றார்.

சிவப்பு அட்டை. சாயமே பூசாத ஒன்றைக் கேட்டு வாங்கினேன். அதையும் சும்மா வாங்கவில்லை. டிஷ்யூ சுருளின் நடுவில் இருக்கும் அட்டைக் குழாய் ஒன்று என் பையில் எப்போதும் இருக்கும். அதற்குள் நுழைகிற எதுவும் பிள்ளையின் தொண்டைக்குள்ளும் போகும் என்பது ஒரு எளிய கணக்கு. கிலுகிலுப்பையின் பிடி உள்ளே போகவில்லை. தலையும் போகவில்லை. உள்ளே இருக்கும் மணி வெளியே வருமா என்று கல்படியில் ரெண்டு தட்டுத் தட்டினேன்.

"உங்காத்துக்காரர் எப்படித்தான் செலக்‌ஷன்ல பாஸாயிட்டார்?" என்று கேட்டாள் வைதேகி.

கண்ணாடிக்குப் பின்னால் தீயணைப்பு வண்டி

தோஹாவிலிருந்து வந்த பொம்மைகள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். எதுவும் ஆகவில்லை. அதுதான் அவற்றின் சிறப்பு.

எங்கள் கூடத்தில் சுவரோடு ஒட்டிய ஒரு ஷோகேஸ் இருக்கிறது. கண்ணாடிக் கதவு, பூட்டு. வரும் பெட்டிகள் எல்லாம் பிளாஸ்டிக் உறைகூடக் கிழியாமல் அதற்குள் போய்விடும். சாவி மாமாவின் இடுப்பில்.

"வெளிநாட்டுச் சாமான், உடைச்சிரும்" என்பார்.

"பொம்மை மாமா. உடைக்கத்தானே கொடுக்குறோம்."

"அதுக்குத்தான் நீ வாங்குன அந்தக் கட்டை இருக்குல்ல?"

ஷோகேஸின் மேல்தட்டில் ஒரு தீயணைப்பு வண்டி இருக்கிறது. ஏணி நீளும், மணி அடிக்கும் என்று பெட்டியில் படம் போட்டிருக்கும். அது சனாவுக்கு வந்ததில்லை. ரஹீமுக்கு வந்தது. மாமா ஜித்தாவில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவர். மகனுக்கு அங்கிருந்து அனுப்பியது.

ரஹீம் அதைத் தொட்டதில்லை. பெருநாளன்று விருந்தாளிகள் வரும்போது பெரியவர்கள் யாராவது எடுத்து, பேட்டரி போட்டு, கூடத்தில் ஒரு சுற்று ஓடவிடுவார்களாம். ரஹீம் மற்றவர்களோடு வரிசையாக உட்கார்ந்து பார்ப்பாராம். விருந்தாளிகள் போனதும் பேட்டரியைக் கழற்றி வண்டியை உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள். பொம்மைக்குச் சொந்தக்காரர் பார்வையாளராக இருந்த ஒரே வீடு இதுவாக இருக்காது. பாலக்கரைப் பக்கம் வீட்டுக்கு வீடு இப்படி ஒரு அருங்காட்சியகம் உண்டு.

மாமா அந்தக் காலத்தைப் பற்றி ஒரு கதை சொல்வார். விருந்து எதுவானாலும் பிரியாணிக்குப் பிறகு இந்தக் கதை வரும்.

"மொத தடவ நான் லீவுல வந்தேன். இவனுக்கு ரெண்டு ரெண்டரை வயசு. மூணு நாளா அரிசி டிரம்முக்குப் பின்னாடியே நிக்கிறான். நாலாவது நாள் அவங்கம்மாகிட்டப் போயி, 'இந்த மாமா எப்பம்மா அவங்க வீட்டுக்குப் போவாங்க'னு கேக்குறான்!"

எல்லோரும் சிரிப்பார்கள். மாமாவும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். திருமணமான புதிதில் நானும் சிரித்திருக்கிறேன். ரஹீம் மட்டும் அந்த நேரத்தில் தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவப் போய்விடுவார்.

அதனால்தான், சனா அலறிய அந்தக் காலையில், அவர் ரிமோட்டை வைத்துவிட்டு நேரே போய்க் குழாயைத் திறந்து கை கழுவியபோது, எனக்கு நகைச்சுவை எதுவும் தோன்றவில்லை.

மகளின் அத்தா வேறொருவர்

முதல் வாரம் ரஹீம் உழைத்தார். பாடும் கரடியைக் கொண்டுவந்தார். கரடி அரபியில் எழுத்துகள் சொன்னது. சனா என் தோளில் முகத்தைப் புதைத்தாள். விளக்கு எரியும் பந்து உருட்டினார். பந்தைப் பிடித்தாள், அவர் பக்கம் திரும்பியதும் பந்தை விட்டுவிட்டாள். அவர் ஒரு அடி முன்னால் வந்தால் அவள் மாமாவின் கைலியைப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி பின்னால் போனாள்.

"பழகிரும்டா. எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்றார் மாமா, ஆறுதலாக.

"உங்களுக்கு எத்தன வருசம் ஆச்சுத்தா?" என்று கேட்டார் ரஹீம்.

மாமா பேத்தியோ மகனோ இல்லாத ஒரு திசையைப் பார்த்து, மோட்டார் போட்டாயிற்றா என்று கேட்டார்.

ஒருநாள், அந்தி நேர மஃரிப் தொழுகை முடிந்திருந்தது. ரஹீம் சோபாவில் இருந்தார். சனா தவழ்ந்து போய் அலமாரியின் கீழ்த்தட்டைப் பிடித்து எழுந்து நின்றாள். அங்கே என் போன் சுவரில் சாய்ந்து நின்றது. அதைப் படார் படார் என்று தட்டினாள். தட்டிவிட்டு, "த்தா" என்றாள். பதில் வராததால் இன்னும் பலமாக, "த்தா! த்தா!"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. தோஹா போனதிலிருந்து தினமும் அந்த நேரத்தில்தான் ரஹீம் வீடியோ காலில் வருவார். டாக்டர் இந்த வயதில் திரை வேண்டாம் என்றார்; அப்பா பேசினால் மட்டும் பரவாயில்லை என்றார். அந்த ஒன்றுதான் அவள் பார்த்த திரை. அதில் வருகிறவர் உள்ளங்கை அளவு இருப்பார். தோளுக்குக் கீழே எதுவும் கிடையாது. கூப்பிட்டால் சிரிப்பார், முத்தம் கொடுத்தால் சில்லென்று இருப்பார், கிட்டே வந்து தூக்குகிறேன் என்று ஒருநாளும் பயமுறுத்தியதில்லை. அவர்தான் அத்தா. சோபாவில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆறடி ஆள் யார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அட்டவணை போட்ட நான், அவள் மிகவும் விரும்பிய விளையாட்டுச் சாமான் எது என்பதை அதில் எழுதவே இல்லை.

ரஹீம் எழுந்தார். மாடிப்படி ஏறிப் போய்விட்டார். நான் சனாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

போன் அடித்தது. வீடியோ கால். திரையில் ரஹீம், பின்னால் எங்கள் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி.

"சனாக்குட்டி! அத்தா பாரு!"

சனா துள்ளினாள். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. திரையை நக்கினாள். ஒரு வாரமாகக் காணாமல்போன மனிதர் கிடைத்துவிட்டார்.

மாமா மாடிப்படியைப் பார்த்தார், போனைப் பார்த்தார். "டேய், மேலருந்து கீழ போன் பண்ணுறியே, அதுக்கு எதுக்குடா ஏரோப்ளேன் டிக்கெட்டு?"

மாடியில் ரஹீம் சிரித்தது போனிலும் கேட்டது, படி வழியாகவும் கேட்டது. சனா ஒரு நொடி தலையைத் திருப்பினாள். படிக்கட்டுப் பக்கம். பிறகு மறுபடியும் போனைப் பார்த்தாள்.

அந்த ஒரு நொடியை நான் கவனித்தேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

தூரத்தைக் குறைப்பது

மறுநாள் மாலை ரஹீம் படிக்கட்டின் பாதியில் உட்கார்ந்து கூப்பிட்டார். அதற்கடுத்து படியின் அடியில். பிறகு சமையலறையில், அரிசி டிரம்முக்குப் பக்கத்தில். வேறு இடம் இல்லை. "மகன் ஊருக்குள்ளேயே ஐஎஸ்டி பேசுறான்" என்று மாமா பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த தெருவிலிருந்து ஒருவர், ரஹீம் திரும்பிப் போய்விட்டாரா என்று என்னிடம் விசாரித்தார்.

ஒளிந்துகொண்டு எட்டிப் பார்க்கும் விளையாட்டு இந்தப் பருவத்துக்கு ஏற்றது என்று என் அட்டவணையில் இருந்தது உண்மை. கண்ணுக்கு மறைந்தது இல்லாமல் போய்விடவில்லை என்று பிள்ளை அதில்தான் தெரிந்துகொள்ளும். அதற்கு ஒரு கைக்குட்டை போதும் என்று எழுதியிருந்தேன். கத்தாரிலிருந்து ஆள் வர வேண்டும் என்று எழுதவில்லை.

கடைசியில் கூடத்துக் கதவின் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றார். கால் இரண்டும் வெளியே தெரிந்தன. சனா தரையில் உட்கார்ந்து ஒரு கையில் ரஸ்க் சப்பிக்கொண்டிருந்தாள். போன் அவள் எதிரில்.

"சனா…"

போனைப் பார்த்தாள். திரைச்சீலையைப் பார்த்தாள். போனைத் தள்ளிக் கவிழ்த்து, அதன் முதுகைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

"சனா, அத்தா இங்க."

மாமா வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டினேன். இந்த வீட்டில் முதன்முறையாக அவர் மூடிக்கொண்டார்.

ரஹீம் திரைச்சீலையைக் கொஞ்சம் விலக்கி, தலையை மட்டும் வெளியே நீட்டினார். தோளுக்குக் கீழே எதுவும் தெரியாதபடி. சனா அசையவில்லை. அவர் மெல்லக் குனிந்து, முட்டி போட்டு, பிறகு குப்புறப் படுத்துவிட்டார். தாடை தரையில். கைகளை நீட்டவில்லை. ரிமோட் இல்லை, கரடி இல்லை.

சனா தவழ்ந்து வந்தாள். பாதியில் நின்று என்னைப் பார்த்தாள். நான் எந்த அட்டையும் காட்டவில்லை. மேலே போனாள். அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, ஒரு விரலை நீட்டி மூக்கின் மேல் வைத்து ஒரு பக்கமாக இழுத்தாள், போன் திரையில் இழுப்பதுபோல. முகம் மாறவில்லை. வாயில் விரலை விட்டாள். அது உள்ளே போனது. போனில் ஒருநாளும் போகாத விரல். திடுக்கிட்டு எடுத்தாள், மறுபடியும் விட்டாள்.

பிறகு, சப்பிச் சப்பிக் கூழாகிப் போன அந்த ரஸ்க்கை அவர் உதட்டருகில் நீட்டினாள்.

"ந்தா" என்றாள்.

சுகாதாரம் பற்றி எனக்குக் கருத்துகள் உண்டு. அன்றைக்குச் சொல்லவில்லை. ரஹீம் அதை முழுதாகத் தின்றார். படுத்தபடியே, கண்ணை மூடாமல்.

மாமா எழுந்து மோட்டார் போடப் போனார். தொட்டி ஏற்கெனவே நிறைந்துதான் இருந்தது. இருந்தாலும் போனார்.

இன்றைய நிலவரம் இது. பகலில் சனா ரஹீமிடம் போகிறாள். தூக்கம் வந்தால் மாமாவிடம்தான். ஜீப்புக்கு ஷோகேஸில் இடம் போதவில்லை, அதனால் அதன் மேல் வைத்திருக்கிறோம். விடுப்பு வருகிற வெள்ளியோடு முடிகிறது. போய்விட்டால் இவள் இதை நினைவில் வைத்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அடுத்த விடுப்பு எப்போது என்று ரஹீமின் கம்பெனியும் சொல்லவில்லை.